தும்பியின் இரண்டாவது சொல்

செத்துப்போன தும்பி ஒரு செவ்வாய்க்கிழமை காலை தன் ஊர்க்காரர்களை மலையை விட்டு இறங்கச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் மூன்று ஊர்களும் காலியாகிவிட்டன.

சேந்தனுக்குச் செய்தி இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூரில், ஓட்டலில், பாதி இட்லியில் கிடைத்தது. சுவர் டிவியில் மனிதர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் மூட்டை, கக்கத்தில் கோழி. நீராரைப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதற்கு எதிராக வருடக்கணக்கில் நடந்த போராட்டம் முடிந்தது என்றும், மெளியர் மக்கள் தாமாகவே முன்வந்து இடத்தைக் காலி செய்துவிட்டார்கள் என்றும் அறிவிப்பாளர் சொன்னார். கூட்டத்தில் தன் மாமியார் முகத்தைப் பார்த்தபோதுதான் சேந்தன் கை கழுவ எழுந்தான்.

தும்பியின் அண்ணன் நஞ்சனுக்கு போன் போட்டான்.

"ஏன் இறங்கினீங்க?"

"உங்க பொண்டாட்டி சொன்னா. வேணும்னா அவளையே கேட்டுக்குங்க," என்று நஞ்சன் வைத்துவிட்டான்.

தும்பி போய் ஒரு வருடம் ஆகவில்லை. விஷக் காய்ச்சல். தூளி கட்டித் தூக்கிக்கொண்டு பாதி மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து சேந்தன் பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காத வாயோடு இருப்பவனைப் போல இருந்தான். சுடும், குளிரும், கடித்தால் ரத்தம்கூட வரும், அவனுக்குத் தெரியாது. பார்த்த வேலையை விட்டான். வேறு ஒரு வேலையில் சேர்ந்தான். அங்கே யாரும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. அதற்காகவே அங்கே இருந்தான்.

இன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது தாடை வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

தும்பி என்பதே பாதிப் பெயர். அவர்களுடைய மெளி மொழியில் அந்தப் பெயரின் முதல் ஒலி தொண்டைக்குள் ஒரு கணம் இடறி, பிறகு எழும். தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் துளசி என்று எழுதினார். அடுத்த வாத்தியார் திருத்துகிறேன் என்று தும்பி ஆக்கினார். "ரெண்டு பேரும் நான் இல்ல," என்பாள். "நான் இன்னும் அட்டெண்டன்ஸ்ல வரவே இல்ல."

அந்தக் கோபத்தில்தான் அவள் தன் மொழிக்கு எழுத்துச் செய்தாள். மெளியில் தொண்டையை இறுக்கிச் சொன்னால் ஒன்று, தளர்த்திச் சொன்னால் வேறு. அதனால் கோட்டை அழுத்தினால் இறுக்கம், மெலிதாக விட்டால் தளர்ச்சி என்று வைத்தாள். எழுதுகிறவர்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுத முடியும். தொண்டை போகிற வழியில் கை போகும்.

மலைமொழி ஆய்வு மையத்தில் சேந்தனுக்கு அடுத்த மேசை அவளுடையது. கணினி வேலை அவனுடையது. ஒரு நாள் அவள் எழுதிய தாளையும் நஞ்சன் எழுதிய தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன், "இதுல உங்க குரலே இருக்குதே," என்றான். ஒவ்வொருவர் கையும் தன் தொண்டையைத்தான் வரைந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவன் ஒரு கணினி நிரல் எழுதினான். எழுதியதை, எழுதியவர் குரலிலேயே வாசிக்கிற நிரல். உலகத்தில் வேறு எந்த எழுத்தாலும் அது முடியாது. தும்பியின் எழுத்தால் முடிந்தது.

மலையில் ஊருக்கு ஒரு பேசும் பலகை நட்டார்கள். சூரிய ஒளியில் ஓடும். விரலால் எழுதினால் மூன்று ஊருக்கும் கேட்கிற மாதிரி பேசும். முதலில் எழுதியது நஞ்சன். எழுதியது ஒரு கெட்ட வார்த்தை. அவன் குரலிலேயே அது பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. அன்றைக்கு மலையே சிரித்தது. தும்பி அவனை விறகுக் கட்டையோடு துரத்தினாள். சேந்தனுக்கும் அவளுக்கும் கல்யாணம் அதற்கடுத்த மாதம்.

அவள் இறந்த பிறகு அவள் கையால் எழுத யாருமில்லை. அதனால் அவள் குரலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வரை.

அடிவாரத்தில் தகரக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். வெயில் உள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் லாரி நின்ற இடத்தில் பெண்கள் குடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மலையில் ஓடை வாசலுக்கு வரும். தண்ணீருக்கு யாரும் வரிசையில் நின்றதே இல்லை.

நஞ்சன் கொட்டகை வாசலில் குந்தியிருந்தான். எழுந்திருக்கவில்லை. முன்கையில் பச்சை குத்தியிருந்தான், தங்கை பெயரின் முதல் எழுத்து.

"வாங்க மாப்ள. சாவுல அழுவாத ஆளு, சாங்கியத்துக்கு வராத ஆளு. சர்க்கார் சோறுன்னதும் வந்துட்டீங்க."

"அத்தை எங்க?"

"உள்ளதான். கடிக்க மாட்டா, போங்க."

கெப்பி உள்ளே கோழியின் மேல் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்கு இன்னும் தலை நரைக்காதவள். மெளியில் மரியாதைப் பன்மை கிடையாது; கெப்பி தமிழிலும் எல்லாரையும் நீ என்றுதான் சொல்வாள். கலெக்டரை ஒருமுறை, "நீ யாரு, தாசில்தாரா?" என்று கேட்டவள்.

"எளச்சுட்ட," என்றாள். "சோறு இருக்கு. அவங்க சோறு. உப்பே இல்ல."

"அத்தை, பலகையில கேட்டது தும்பி இல்ல. யாரோ அவ கைய மாதிரி எழுத வச்சிருக்காங்க. மெஷின் அது."

கெப்பி கூடையின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

"மெஷின்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க என்ன பூசணிக்காயா? அந்தப் பலகைய நட்டப்ப குழி தோண்டுனது நானு."

"அப்புறம் ஏன்?"

"உக்காரு."

அவன் உட்கார்ந்தான். பாதி அவனுக்கு ஏற்கனவே தெரிந்ததுதான், தும்பி சொல்லியிருக்கிறாள். மெளியரில் யாராவது இறந்தால் வருடம் திரும்புவதற்குள் ஒரு நாள் ஊர் கூடும். சொல்லேந்தி என்று ஒருவன் உட்காருவான். கட்டியவனோ கட்டியவளோ அவன் கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். செத்தவர் அவன் வாய் வழியாக ஒன்றே ஒன்று கேட்பார். அது கடைச்சொல். ஒருவருக்குக் கள் வேண்டியிருக்கும், ஒருவருக்கு மகனுடைய மன்னிப்பு. கேட்டதை ஊர் செய்துவிடும். செய்துவிட்டால் செத்தவர் போய்விடுவார். செய்யாவிட்டால் போக வழியில்லாமல் அலைவார்.

"ரெண்டு வாட்டி ஆள் அனுப்பினேன். தண்ணி ஊத்த நீ வரல," என்றாள் கெப்பி. "அதனால அவ சொல்லு அப்படியே பாக்கி நின்னுச்சு. ஒரு நாள் காலைல பலகை அவ தொண்டையில பேசுது. நான் தும்பி, எனக்கு ஒன்னே ஒன்னு வேணும், எல்லாரும் கீழ போயிடுங்க, மலைய விட்டுடுங்கன்னு. நான் என்ன செய்வேன், சொல்லு. சொல்லேந்தி ஒரு குடிகாரன். அவன் வாயில வந்தா ஏத்துக்கிறோம். அவளே செஞ்ச எழுத்துல வந்தா ஏத்துக்க மாட்டேன்னு எப்படிச் சொல்ல?"

"அது பொய்யா இருந்தா?"

"பொய்யா இருந்தா மலை போச்சு. நெசமா இருந்து நாங்க இறங்காம இருந்தா புள்ள போச்சு." அவள் குரல் அசையவில்லை. "ஊரு கூடிச்சு. ஒருத்தன் மலைன்னு சொல்லல. எல்லாரும் புள்ளன்னுதான் சொன்னாங்க. நஞ்சனும்."

வெளியே நஞ்சன் காறித் துப்புகிற சத்தம் கேட்டது.

"மறுபடி பேசிச்சா?"

"இல்ல. ஒரு வாட்டிதான். அன்னைக்கே உங்க பழைய ஆபீஸ் ஆளுங்க ஏறி வந்து பலகை ரிப்பேருன்னு கழட்டிட்டுப் போயிட்டாங்க."

அன்றைக்கே. சேந்தன் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தான். மரத்துப்போன இடத்தில் முதல் முறையாக ஏதோ குத்தியது.

"மறுபடி பேசியிருந்தா?"

"செத்தவங்க ஒரு வாட்டிதான் கேப்பாங்க. ரெண்டாவது வாட்டி கேட்டா அது அவங்க இல்ல. திருட்டுக்குரல். மொதல்ல கேட்டதும் செல்லாது. காத மூடிட்டு எந்திரிச்சுப் போயிடணும்."

"அவ்வளவுதானா?"

"அது வந்த வழிய அடைக்கணும். சொல்லேந்தி வாயில வந்தா அவன் அப்புறம் சாகுற வரைக்கும் ஏந்த மாட்டான்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "எழுத்துல வந்தா எழுத்து."

பூபாலனை அவன் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. மையத்தின் இயக்குநரான அவர் மறுநாள் நடக்கவிருந்த விழாவுக்குப் பந்தல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அங்கேயே வந்திருந்தார். சேந்தனைக் கண்டதும் தோளில் கை போட்டார். தும்பியின் சாவன்றும் இதே மாதிரிதான் போட்டார்.

"நல்ல வேளை வந்தப்பா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். நாளைக்கு அமைச்சர் வராரு. தும்பி பேர்ல ஒரு விருது. நீதான் வாங்கணும்."

"யார் சார் எழுதினது?"

"எதை?"

"செவ்வாய்க்கிழமை."

பூபாலன் கையை எடுத்துக்கொண்டார். பந்தல்காரனிடம், "அந்தத் துணிய இழுத்துக் கட்டுப்பா, தொங்குது," என்றார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"யாரும் எழுதல. உன் நிரல்தான். நீ அதைக் கையிலருந்து குரலுக்குப் போற மாதிரி செஞ்ச. நம்ம பசங்க திருப்பிப் போட்டாங்க. அவ எழுதின பக்கமெல்லாம் உள்ள கிடக்கு. என்ன வேணும்னு சொன்னா அவ கையாலயே எழுதிடுது. எனக்கே புல்லரிச்சுப் போச்சு."

"ஒரு தடவை மட்டும்."

"ஒரு தடவைதான் கேக்கணும். அவ ஆய்வுலயே இருக்குதே, சடங்குகள் பத்தின அத்தியாயத்துல. பிரமாதமா எழுதியிருக்கா."

சேந்தன் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேலே பார்த்தால் அடித்துவிடுவான்.

"அப்படிப் பாக்காத," என்றார் பூபாலன். "நீ படிச்சவன், யோசி. அணை நிக்காது. கோர்ட்டு முடிஞ்சாச்சு. அடுத்த மாசம் போலீஸ் ஏறியிருக்கும். எத்தனை மண்டை உடைஞ்சிருக்கும்? இப்ப பாரு, ஒரு குழந்தைக்குச் சிராய்ப்பு இல்ல. கோழியைக்கூட விடாம தூக்கிட்டு வந்திருக்காங்க. லத்தி பெட்டரா, இது பெட்டரா? நீயே சொல்லு."

"அவங்களைக் கேட்டிருக்கலாம்."

"இத்தனை வருஷமா கேட்டோமே. மாட்டேன்னாங்க."

"அது பதில் சார்."

பூபாலனுக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. "ரோடு இல்லாத மலையிலதான்டா உன் பொண்டாட்டி செத்தா. இங்க ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். அவ இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பா."

"ரோடு கேட்டுத்தான் அவ உங்க கையில மனு குடுத்தா. அணை கேக்கல."

பூபாலன் தொங்கிய பந்தல் கயிறு ஒன்றைத் தானே இழுத்துக் கட்டினார்.

"போலீசுக்குப் போறியா? போ," என்றார் பூபாலன். "என்னன்னு எழுதிக் குடுப்ப? செத்தவங்க குரல்ல பேசினாங்கன்னா? அந்தக் குரல் மையத்தோடது. நிரலும் மையத்தோடது. அவங்க தானா நடந்து வந்தது கேமராவுல இருக்கு. நாளைக்கு அவங்க சொந்த எழுத்துலயே கையெழுத்துப் போட்டுத் தரப்போறாங்க. தன் எழுத்துல சம்மதம் எழுதின மொத பழங்குடின்னு பேப்பர்ல வரும். தும்பி பேரு நிக்கும்பா. அதை நினைச்சுப் பாரு."

சேந்தன் நினைத்துப் பார்த்தான்.

"மேடையில பலகை இருக்குமா?" என்று கேட்டான்.

"பின்ன? அதுதானே ஷோவே. ஊர் மூப்பன் சம்மதம் எழுதுவான், அவன் குரல்ல பலகை சொல்லும். அதுக்கு முன்னாடி விருது. நீ வேணும்னா அவ பேரை அதுல எழுது. நல்லா இருக்கும்."

"எழுதறேன் சார்."

பூபாலன் மறுபடியும் தோளில் கை போட்டார்.

விடிந்ததும் சேந்தன் தண்ணீர் லாரி நிற்கிற இடத்துக்குப் போனான். முந்தின நாள் சிந்தியதில் மண் ஈரமாக இருந்தது. குந்தி உட்கார்ந்து விரலால் எழுதிப் பார்த்தான்.

அவன் கையில் எழுதினால் பலகை அவன் குரலில் பேசும். அவள் கை வேண்டும். அந்தக் கையை அவனுக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது. நிரலுக்குக் கற்றுக்கொடுக்க அவள் எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் பெரிதாக்கிப் பெரிதாக்கி மாதக்கணக்கில் பார்த்தவன். எங்கே அழுத்துவாள், எங்கே அலட்சியமாக இழுத்துவிடுவாள், வாக்கியம் முடியும் முன்பே கையை எடுத்துவிடுகிற அவசரம், எல்லாம் தெரியும்.

என்ன எழுதுவது என்பதுதான் தெரியவில்லை.

மலைக்குத் திரும்பிப் போங்கள் என்று எழுதலாம். எழுதிவிட்டு அழித்தான். அவள் சொல்லாததைச் சொல்ல வைத்தால் பூபாலனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? பூபாலன் என்னை ஏமாற்றினான் என்று எழுதினான். அதையும் அழித்தான். அது அவனுடைய கோபம். அவள் கோபப்பட்டால் இப்படி நேராகச் சொல்ல மாட்டாள், நக்கலாகத்தான் சொல்வாள்.

அவளே சொன்னதாக இருக்க வேண்டும். அதுவும் ஏதாவது ஒன்றைக் கேட்டதாக இருக்க வேண்டும். அவள் அவனிடம் எதைக் கேட்டாள்? நகை கேட்டதில்லை. குழந்தை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. சாகும்போதும் எதுவும் கேட்கவில்லை. தூளிக்குள் இருந்து அவன் சட்டையைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான்.

பிறகு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ராத்திரியும் அவள் கேட்டது.

அதை எழுதினான். எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மண்ணின் மேல் நிழல் விழுந்தது. கெப்பி குடத்தோடு நின்றிருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். மகளிடம் முதலில் கற்றுக்கொண்டவளே அவள்தான். மண்ணைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது.

"கை நடுங்குது," என்றாள். "அவளுக்கு நடுங்காது."

காலால் மண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

அமைச்சர் தாமதமாக வந்தார். மெளியரைத் தரையில் ஜமுக்காளத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அடையாள அட்டை. முன்வரிசையில் கெப்பி. ஓரத்தில் நஞ்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டான். பந்தலைச் சுற்றி போலீஸ்காரர்கள் பாக்கு மென்றுகொண்டிருந்தார்கள்.

பூபாலன் பேசினார். ஒரு மலைமகள், ஒரு கனவு, ஒரு எழுத்து என்றார். அமைச்சர் தலையாட்டினார். சேந்தன் பெயரைக் கூப்பிட்டார்கள். பித்தளையில் ஏதோ கொடுத்தார்கள். யாரோ அதை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, பலகைப் பக்கம் கை காட்டினார்கள்.

"அம்மாவோட பேரை எழுதுங்க," என்றார் அமைச்சர். அவர் எல்லாப் பெண்களையும் அம்மா என்பவர்.

சேந்தன் பலகை முன் நின்றான். கை நடுங்கியது. அவளுக்கு நடுங்காது. அவள் எப்படி நிற்பாள் என்று நினைத்தான். இடது காலில் எடை போட்டு, வலது காலைக் கொஞ்சம் மடக்கி. அப்படி நின்றான். அவள் மாதிரி வாய்க்குள் முணுமுணுத்தான். விரல் தானாக ஓடியது.

பெயரைவிட எழுத்துக்கள் அதிகமாக இருப்பதைப் பூபாலன்தான் முதலில் கவனித்தார். அவருக்கு மெளி தெரியும். நாற்காலியிலிருந்து எழுந்தார். அதற்குள் சேந்தன் விரலை எடுத்துவிட்டான். வாக்கியம் முடியும் முன்பே, அவள் எடுக்கிற மாதிரி.

பலகை பேசியது.

தூக்கக் கலக்கத்தில், கொஞ்சம் எரிச்சலும் கொஞ்சம் சிரிப்புமாக, தும்பியின் குரல் பந்தல் முழுக்க மெளியில் கேட்டது:

"கொஞ்சம் தள்ளிப் படேன். எனக்கு இடமே இல்ல."

அமைச்சர் கை தட்டினார். மேடை முழுக்கக் கை தட்டியது. "என்ன இனிமை! என்ன சொல்றாங்க?" என்று அமைச்சர் பக்கத்தில் கேட்டார். பதில் சொல்ல அங்கே யாருமில்லை. பூபாலன் பலகையின் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

கீழே கெப்பி இரண்டு கைகளாலும் காதை மூடினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக மூடினார்கள். மடியில் கிடந்த பிள்ளைகளின் காதைத் தாய்மார்கள் மூடினார்கள். ஏதோ மலைக் கும்பிடு என்று நினைத்து அமைச்சரும் கையைக் கூப்பினார். புகைப்படக்காரர் அதைப் படம் எடுத்தார்.

கெப்பி எழுந்து மைக் பக்கம் வந்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"இது ரெண்டாவது வாட்டி," என்றாள் தமிழில். "எங்க புள்ள ரெண்டு வாட்டி கேக்க மாட்டா. இது திருட்டுக்குரல். அன்னைக்கு வந்ததும் அதேதான். செல்லாது. நாங்க வீட்டுக்குப் போறோம்." அமைச்சரைப் பார்த்தாள். "நீயும் போ. வெயிலாயிருக்கு."

ஜமுக்காளம் காலியாவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மூட்டைகளை யாரும் பிரித்திருக்கவில்லை. போலீஸ்காரர்கள் அதிகாரியைப் பார்த்தார்கள். அதிகாரி அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் கேமராக்களைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்வதற்குள் முதல் கோழிக்கூடை பாதை திரும்பிவிட்டது.

பூபாலன் சேந்தனின் சட்டையைப் பிடித்தார்.

"என்ன பண்ணிட்டேன்னு தெரியுதா உனக்கு? நாளைக்கு லாரி வரும். லத்தி வரும். அத்தனை ரத்தமும் உன் கையிலதான்."

"வரட்டும் சார். யார் அடிக்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

"அவ எழுத்தைக் கொன்னுட்டடா. இனி ஒருத்தன் தொட மாட்டான். பத்து வருஷ உழைப்பு. அவ இருந்திருந்தா உன்ன மன்னிப்பாளா?"

சேந்தன் அவர் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"அவளைப் பத்தி இனிமே நீங்க பேசாதீங்க," என்றான். "உங்க குரல்லகூட."

ஓடையைத் தாண்டும் இடத்தில் எல்லாரும் நின்றிருந்தார்கள். திருட்டுக்குரல் வந்த வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதக் கற்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கி, வலது கையை மணலால் தேய்த்துக் கழுவிவிட்டு அக்கரை ஏறினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலேட்டை ஓடையில் முக்கினார்கள். கரைந்த சாக்கட்டி வெள்ளையாகக் கொஞ்ச தூரம் ஓடி, காணாமல் போயிற்று. யாரும் அழவில்லை. எல்லார் முகத்திலும் அடி வாங்கியவர்களின் கடுப்பு இருந்தது.

நஞ்சன் தன் முன்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பச்சை போகவில்லை. தோல் சிவந்து ரத்தம் கசிந்தது. இன்னும் மணலை அள்ளித் தேய்த்தான். சேந்தன் போய் அவன் கையைப் பிடித்தான்.

"விடுங்க மாப்ள."

"துணி சுத்திக்கலாம்."

நஞ்சன் ஒரு கணம் முறைத்தான். பிறகு கையை நீட்டினான். சேந்தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினான்.

"என்ன வார்த்தை மாப்ள அது," என்றான் நஞ்சன் தலையைக் குனிந்துகொண்டு. "ஊரே கேட்டுச்சு. வெக்கமா இல்ல உங்களுக்கு?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் உடைந்தது. எழுந்து வேகமாக முன்னால் போய்விட்டான்.

சேந்தன் தண்ணீரில் இறங்கிக் கையைக் கழுவினான். அவள் பெயரின் முதல் எழுத்தை வளைக்கிற விதம் கையில் இருந்தது, கழுவியும் இருந்தது. அது இனி அங்கேயேதான் இருக்கும். அவன் எழுத மாட்டான். எழுதினால் வாசிக்க யாருமில்லை.

அவள் மறுபடியும் அட்டெண்டன்ஸில் இல்லை. அதைச் செய்தது அவன்தான். அதற்குக் காரணமானவன் கீழே பந்தலில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பான். இரண்டும் உண்மை. இரண்டையும் சுமந்துகொண்டு ஏறினான்.

ஊரில் வீடுகள் திறந்து கிடந்தன. யாரும் பூட்டிவிட்டுப் போகவில்லை. மெளியருக்குப் பூட்டு கிடையாது. பலகை நட்டிருந்த குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. கெப்பி அடுப்பு மூட்டினாள். பிறகு ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு வந்து அவனிடம் கொடுத்தாள்.

"ஊத்து."

"சொல்லேந்தி வேண்டாமா?"

"அவன் கீழயே குடிச்சுட்டுக் கிடக்கான். எந்திரிச்சப்புறம் வருவான்." அவள் தன் இரண்டு கைகளையும் ஏந்தினாள். "அவன் எதுக்கு? அவதான் கேட்டுட்டாளே."

சேந்தன் அவளைப் பார்த்தான்.

"நீ எழுதுனது," என்றாள் கெப்பி தாழ்ந்த குரலில். "அவ நெசமா சொன்னதுதானே?"

"தெனமும் சொல்லுவா."

"மொதல்ல வந்தது அவ சொல்லாதது. ரெண்டாவதா வந்தது அவ சொன்னது. அப்ப அவ கேட்டது ஒன்னுதான்." கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டாள். "ஊருக்குச் சொல்லாத. ஊருக்கு வேற கணக்கு. நமக்கு இது. ஊத்து."

அவன் ஊற்றினான். தண்ணீர் அவள் விரலிடுக்கில் இறங்கி மண்ணில் ஊறியது. அப்போதுதான், அவள் போனதிலிருந்து வராதது அவன் தொண்டையில் வந்து இடறியது. தமிழில் எழுத்தில்லாத அந்த ஒலி மாதிரியே.

உள்ளே தும்பியின் பாய் சுவரில் சாத்தியிருந்தது. பிரித்துப் போட்டான். நடுவில்தான் எப்போதும் படுப்பான். அதற்குத்தான் அவள் திட்டுவாள். நடந்த களைப்பில் நடுவிலேயே சாய்ந்தான். சாயும் வெயில் கூரை ஓட்டையில் இறங்கி முகத்தில் விழுந்தது.

தள்ளிப் படுத்தான். சுவரோடு ஒட்டிக்கொண்டு, பாதிக்கும் மேல் பாயை விட்டு.

கீழே, வெகு தூரத்தில், லாரிகள் கியர் மாற்றி அடிவாரத்துக்கு வருகிற சத்தம் கேட்டது. நாளைக்கு என்று சொன்னார்கள். இன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். வெளியே நஞ்சன் ஆட்களைக் கூப்பிடத் தொடங்கினான். பாதையை மறிக்கக் கட்டைகளை இழுக்கிற சத்தம், ஓடுகிற காலடிகள். சேந்தன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

வரட்டும். இனி எதைச் சொல்வதாக இருந்தாலும் அவர்கள் சொந்தக் குரலில்தான் வந்து சொல்ல வேண்டும்.